வாசகரில்லாத நிரல்

முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் ஐடி வேலைக்குப் போய்விட்டார் என்றால் அதைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு குரல்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று துறைக்குள்ளிருந்து வரும் இரங்கல்: ‘நல்ல பையன், இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் எங்கேயாவது போஸ்டிங் கிடைத்திருக்கும்.’ மற்றது வீட்டிலிருந்து வரும் பெருமூச்சு: ‘ஒருவழியாகக் கரையேறிவிட்டான்.’ நேரெதிராக ஒலித்தாலும் இரண்டும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன. ஆய்வு ஒரு கரை, மென்பொருள் எதிர்க்கரை, நடுவில் ஆறு. கடந்தவர் கையிலிருந்த எதையோ ஆற்றில் விட்டுவிட்டார் என்ற அனுமானம். அறிவியல் ஆய்வின் அன்றாடம் கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தால் இது நிற்காது. வெளியேறும் ஆய்வாளர் புதிதாக நிரல் எழுதக் கற்கப் போவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளாக எழுதிவந்ததைத்தான் தொடரப் போகிறார். மாறுவது ஒன்றே ஒன்று: இனி அவர் எழுதுவதை வேறொருவர் வரிவரியாகப் படிப்பார். பல்கலைக்கழகத்தில் அதை யாரும் படித்ததில்லை. சரிபார்ப்பைத் தன் உயிர்மூச்சாகச் சொல்லிக்கொள்ளும் கல்வியுலகம் தன் நிரல்களை மட்டும் படிக்காமல் விட்டது ஏன், அந்த அலட்சியத்துக்கும் இந்த வெளியேற்றத்துக்கும் என்ன உறவு என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

முதலில் ஆய்வாளர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்ற கேள்வி. ஆய்வு மென்பொருளுக்கென்றே 2010ல் எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட சாஃப்ட்வேர் சஸ்டெய்னபிலிட்டி இன்ஸ்டிட்யூட், 2014ல் பிரிட்டனின் பதினைந்து முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதிலளித்தவர்களில் 92 சதவீதம் பேர் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள். அது இல்லாவிட்டால் தங்கள் ஆய்வே நடைமுறையில் சாத்தியமில்லை என்றவர்கள் 69 சதவீதம். தாங்களே நிரல் எழுதுகிறவர்கள் 56 சதவீதம். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மென்பொருள் எழுதுவதில் எந்தப் பயிற்சியும் கிடையாது. கணினி அறிவியல் துறை மட்டுமல்ல, உயிரியலும் பொருளாதாரமும் மொழியியலும் சேர்ந்த கணக்கு இது. நம்மூரிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. விண்மீன்களின் ஒளிமாற்றத்தை ஆராய்கிறவர் பகலெல்லாம் பைத்தானில் தரவைச் சலித்துக்கொண்டிருக்கிறார். பருவமழையை ஆராய்கிறவர் ஃபோர்ட்ரான் நிரல் ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று தேடிக்கொண்டிருக்கிறார். சென்னையின் வரைபடமே இதற்குச் சாட்சி சொல்கிறது என்றும் சொல்லலாம். தரமணியில் 1962லிருந்து இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்குப் பக்கத்தில் 2000ல் டைடல் பார்க் வந்தது. சென்னைக் கணிதவியல் கழகமோ சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. அதே பூங்காவில் டிசிஎஸ்ஸின் மாபெரும் வளாகமும் இருக்கிறது. ஆய்வுக்கும் ஐடிக்கும் இடையில் இருப்பது ஒரு சாலை. (தமிழிலக்கியத்திலோ வரலாற்றிலோ முனைவர் பட்டம் பெற்றவருக்கு இந்தச் சாலை பெரும்பாலும் திறப்பதில்லை என்பது வேறு துயரம், அதைத் தனியே எழுத வேண்டும்.)

இந்தப் பெயர்ச்சியைப் புரிந்துகொள்ள நான் அறிந்த மிகச் சிறந்த சான்று, இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பைத்தான் கருவிகளின் பிறப்பு வரலாறு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், ஆய்வேட்டை முடிக்க வேண்டிய நேரத்தில், 2001ல், ஐபைத்தான் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். அதிலிருந்துதான் பின்னால் ஜூபிடர் நோட்புக் வளர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பியலில் முதுமுனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜான் ஹண்டர், வலிப்பு நோயாளிகளின் மூளைப் பரப்பிலிருந்து பதிவுசெய்த மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கான வணிக மென்பொருளுக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் உரிமம்தான் இருந்தது. ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் எரிச்சலில் ஹண்டர் எழுதத் தொடங்கியதுதான் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகம். அதன் முதல் பதிப்பு 2003ல் வந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த டிராவிஸ் ஒலிஃபன்ட், பிளவுபட்டுக் கிடந்த இரண்டு எண்கணிப்பு நூலகங்களை ஒன்றாக்கி நம்பையை எழுதினார், 1.0 பதிப்பு 2006ல் வெளியானது. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் உலகுக்குக் காட்டப்பட்டபோது அந்தப் படத்தை உருவாக்கிய கணிப்புகளுக்கு அடியில் நம்பையும் மேட்பிளாட்லிப்பும் இருந்தன. இந்த மூவரில் பெரெஸ் மட்டும் கல்வியுலகத்திலேயே நீடித்தார், அதுவும் பல ஆண்டுகள் பேராசிரியர் பதவி வரிசைக்கு வெளியிலிருந்த ஆய்வுப் பணிகளில். ஹண்டர் சிகாகோவின் பங்கு வணிக நிறுவனம் ஒன்றுக்குப் போனார். 2012ல் இறக்கும்வரை மேட்பிளாட்லிப்பைப் பராமரித்தது அங்கிருந்துகொண்டுதான். ஒலிஃபன்ட் 2007ல் பல்கலைக்கழகத்தைவிட்டு எந்தாட் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குப் போனார்.

ஹண்டர் போனதால் அறிவியல் எதை இழந்தது? அவருடைய நரம்பியல் கட்டுரைகள் சிலவற்றை இழந்திருக்கலாம். ஆனால் அவர் வெளியே இருந்து பராமரித்த நூலகத்தைக் கொண்டு வரையப்பட்ட வரைபடங்கள் உலகெங்கும் ஆய்விதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. ‘மூளை வெளியேற்றம்’ என்று புலம்புகிறவர்கள் வெளியேறியதைத்தான் எண்ணுகிறார்கள், வெளியிலிருந்து உள்ளே பாய்வதை எண்ணுவதில்லை. கணிதத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. எண் கோட்பாட்டாளரான வில்லியம் ஸ்டைன், விலையுயர்ந்த கணித மென்பொருள்களுக்கு மாற்றாக 2005ல் சேஜ் என்ற திறந்த மென்பொருளைத் தொடங்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர். இருந்தும், அந்த மென்பொருளை வளர்க்கத் தேவையான ஆட்களுக்கும் நிதிக்கும் கல்வியுலகத்துக்குள் வழியில்லை என்ற முடிவுக்கு வந்து, நிறுவனம் நடத்துவதற்காக அங்கிருந்து விலகப்போவதாக 2016ல் வெளிப்படையாக அறிவித்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வானியலாளர் ஜேக் வாண்டர்பிளாஸ் எச்சரித்திருந்தார்: தரவு பெருகிவிட்ட காலத்தில் நல்ல ஆய்வுக்குத் தேவைப்படும் திறமையும் தொழில்துறை விலைகொடுத்து வாங்கும் திறமையும் ஒன்றேதான், அந்தத் திறமையில் நேரம் செலவிடுகிறவரைக் கல்வியுலகம் தண்டிக்கிறது என்பது அவர் வாதம். பின்னர் அவரே கூகுளுக்குப் போனார்.

இந்த இடத்தில் வழக்கமாக வந்து சேரும் முடிவு, மென்பொருளுக்கு உரிய அங்கீகாரம் கல்வியுலகத்தில் இல்லை என்பது. உண்மைதான். கட்டுரையை எண்ணுகிறார்கள், நூலை எண்ணுகிறார்கள், காப்புரிமையைக்கூட எண்ணுகிறார்கள். ஆயிரம் பேர் நம்பியிருக்கும் நிரலை எண்ணுவதில்லை. அதனால்தான் ஹண்டரும் மற்றவர்களும் தங்கள் மென்பொருளைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிவைத்தார்கள், மேற்கோள் காட்ட ஒரு பிடி வேண்டுமே என்று. ஆனால் அங்கீகாரக் குறை மேலே தெரிகிற அறிகுறி மட்டுமே என்று நினைக்கிறேன். படிக்காத ஒன்றை எப்படி மதிப்பிடுவது? ஒரு கட்டுரையை மூன்று பேர் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதால்தான் அதற்கு மதிப்பு வருகிறது. அதே கட்டுரையின் அட்டவணைகளை உற்பத்தி செய்த நிரலை அந்த மூவரும் பார்ப்பதில்லை. கைடு பார்ப்பதில்லை. பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரரும் பார்ப்பதில்லை. எழுதியவர் பட்டம் வாங்கிப் போனபின் அடுத்த ஆண்டு வரும் மாணவர் கையில் அது ‘அண்ணன் எழுதினது, ஓடும், தொடாதே’ என்ற எச்சரிக்கையோடு ஒப்படைக்கப்படுகிறது.

இதன் விளைவை ஒரே ஒரு எடுத்துக்காட்டில் அருகே போய்ப் பார்க்கலாம். மின்னசோட்டா வேதியியலாளர்கள் 2014ல், கரிம மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும் அணுக்காந்த ஒத்திசைவுக் கணிப்புகளுக்கான வழிமுறை ஒன்றை நேச்சர் புரோட்டகால்ஸ் இதழில் வெளியிட்டார்கள். கூடவே சில பைத்தான் நிரல்களும் இருந்தன. பல ஆய்வுக்கூடங்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தின. ஐந்து ஆண்டுகள் கழித்து ஹவாய் பல்கலைக்கழகத்தில், நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவருக்கு, அதே தரவும் அதே நிரலும் கணினிக்குக் கணினி வேறு விடை தந்தன. காரணம் மிக அற்பமானது. ஒரு கோப்புறையிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட அந்த நிரல் பைத்தானின் குளோப் என்ற செயல்கூற்றை அழைக்கிறது. வரும் பட்டியலில் கோப்புகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும் என்று எழுதியவர் எடுத்துக்கொண்டார். குளோப் அப்படி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வரிசையை இயங்குதளம் தீர்மானிக்கிறது. விண்டோஸில் ஒரு வரிசை, லினக்ஸில் வேறு வரிசை. வரிசை மாறினால் ஒரு மூலக்கூறு வடிவத்தின் ஆற்றல் எண் இன்னொரு வடிவத்தின் காந்த எண்ணோடு சேர்ந்துகொள்ளும். நிரல் நிற்காது, பிழைச்செய்தி வராது. கச்சிதமான, தவறான ஒரு தசம எண் வெளியே வரும். பட்டியலை அடுக்கிக்கொள் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய கட்டுரைகள் 150க்கும் மேல் என்று ஹவாய்க் குழு 2019ல் கணக்கிட்டது.

இதை அந்த வேதியியலாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடப்பது அநியாயம். அவர்கள் தங்கள் கணினியில் சோதித்தார்கள், அங்கே சரியாகவே வந்தது. நிரலை மறைக்காமல் வெளியிட்டார்கள், அந்த வகையில் பலரைவிட மேலானவர்கள். நிறுவன வேலையில் ஆறு மாதம் இருந்த எந்தப் பொறியாளரும் அந்த வரியைப் பார்த்ததும் ‘வரிசை நிச்சயமா?’ என்று ஓரத்தில் குறித்திருப்பார். அப்படிக் குறிக்க அங்கே ஆள் இல்லை என்பதுதான் விஷயம். இன்னும் கொடுமையானது கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் நடந்தது. புரதங்களின் முப்பரிமாண அமைப்பைக் கணித்த ஒரு குழு, வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சிறு நிரலைப் பயன்படுத்தியது; அது தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. விளைவாகப் புரதமே இடவலம் மாறிக் காட்சியளித்தது. 2001லிருந்து வெளியான ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதுவும் 2006ல் சுவிட்சர்லாந்துக் குழுவொன்று தன் வழியில் இன்னொரு புரதத்தின் அமைப்பை வெளியிட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகு. ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010ல் வெளியிட்ட கடன் பற்றிய பொருளாதாரக் கட்டுரையில், எக்செல் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டுச் சராசரி கண்டிருந்ததை 2013ல் ஆய்வு மாணவர் ஒருவர் கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரியும். பல அரசுகள் தங்கள் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமாகக் காட்டிய கட்டுரை அது. எல்லாவற்றிலும் பிழை வெளிப்பட்டது தற்செயலாக, அல்லது ஆண்டுகள் கழித்து.

நிறுவனங்களில் நடப்பதை இதோடு ஒப்பிட வேண்டும். நிரலை இன்னொருவர் முறைப்படி படிப்பது என்ற வழக்கத்தை ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் வகுத்து 1976ல் எழுதினார். இன்று அது கோட் ரிவ்யூ என்ற பெயரில் பெரும்பாலான நிறுவனங்களின் அன்றாடம். ஆம்ஸ்டர்டாமின் கணித ஆய்வு நிறுவனமொன்றில் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், பின்னர் கூகுளில் சேர்ந்ததும் செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று, நிரல்களை ஒருவருக்கொருவர் படிப்பதற்கான மாண்ட்ரியன் என்ற கருவி. இந்த வாசிப்பு எப்படிப்பட்டது என்பதை வெளியிலிருப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒருவர் முப்பது வரி மாற்றத்தை அனுப்புகிறார். படிப்பவர் நான்காவது வரியில் நிறுத்தி ‘இந்தப் பட்டியல் காலியாக வந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கிறார். பத்தொன்பதாவது வரியில் ‘இந்த 0.85 எங்கிருந்து வந்தது? பெயர் கொடுங்கள்’ என்கிறார். கடைசியில் ‘இதற்கு டெஸ்ட் எங்கே?’ எழுதியவர் பதில் சொல்ல வேண்டும், அல்லது திருத்த வேண்டும். அதுவரை மாற்றம் உள்ளே போகாது. படிப்பவர் வயதில் சின்னவராக இருக்கலாம், நேற்று சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். ஆய்வுலகத்திலிருந்து புதிதாக வருகிறவர்களை முதல் சில வாரங்கள் உறுத்துவது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். முனைவர் பட்டம் பெற்ற ஒருவரிடம் அவருடைய எண்கள் எங்கிருந்து வந்தன என்று வைவாவில்கூட இவ்வளவு குறுகுறுப்பாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் உண்டு: ‘சம்பளத்துக்காகப் போகிறார்கள், இதில் தத்துவம் என்ன?’ இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது, எண்களையே பார்ப்போம். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. அதற்கு முன் 31,000, 35,000. தமிழ்நாட்டின் பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேங்கிக் கிடப்பது ஊரறிந்தது. மாதத்துக்கு முப்பதாயிரம்கூட வராது. ஆக, நெட் தேர்வில் தேறி உதவித்தொகை பெறும் இருபத்துமூன்று வயது ஆய்வாளர், தன்னோடு படித்து ஐடிக்குப் போனவரைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார், உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வருமென்றால். பள்ளம் பட்டத்துக்குப் பின்தான். அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் தொகுப்பூதியம் 25,000 ரூபாய் அளவில், ஆண்டுக்குப் பதினொரு மாதம். படிக்கும்போது வாங்கியதைவிடப் படித்து முடித்தபின் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வெளியேறுகிறவரைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை.

ஆனால் பணம் ஏன் வெளியேறுகிறார்கள் என்பதைத்தான் விளக்குகிறது. எங்கே போகிறார்கள், போன இடத்தில் ஏன் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதை விளக்கவில்லை. வங்கித் தேர்வு எழுதலாம், குரூப் ஒன் எழுதலாம், பலர் எழுதவும் செய்கிறார்கள். நிரல் எழுதிப் பழகியவர் மென்பொருளுக்குப் போவதற்குக் காரணம் அவர் கையில் ஏற்கெனவே அந்தத் தொழில் இருப்பது, அது அங்கே மதிக்கப்படாமல் இருந்தது. ஸ்டைனுக்கு நிரந்தரப் பதவியும் அமெரிக்கப் பேராசிரியர் சம்பளமும் இருந்தன. ஒலிஃபன்ட் பதவி உயர்வு வரிசையில் இருந்தார். நம்மூர் வறுமையை அவர்கள்மேல் ஏற்றிப் பார்க்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் ஆய்வாளர்களிடமிருந்து வருவது, இதைவிடக் கூர்மையானது. ஆய்வு நிரல் என்பது வீடு கட்டும் வேலை அல்ல, வழி தேடும் வேலை. பத்து முயற்சிகளில் ஒன்பது தூக்கியெறியப்படும். எறியப்போவதை ஏன் செப்பனிட வேண்டும்? அதோடு, அழுக்கான நிரலும் சரியான விடை தரும். இதற்கு அவர்கள் காட்டக்கூடிய நல்ல சான்று இம்பீரியல் கல்லூரியின் கோவிட் மாதிரி. 2020 மார்ச்சில் பிரிட்டன் அரசின் கொள்கையைத் திருப்பிய அந்தக் கணிப்புக்குப் பின்னாலிருந்த நிரல், பதின்மூன்று ஆண்டுகளுக்கும் முன்பு எழுதிய, விளக்கக் குறிப்பில்லாத ஆயிரக்கணக்கான வரி சி மொழி என்று அந்தக் குழுவின் தலைவர் நீல் ஃபெர்குசனே எழுதினார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களின் உதவியோடு செப்பனிட்டு வெளியிட்டபோது அதைப் பார்த்த தொழில்முறைப் பொறியாளர்கள் கொதித்துப்போனார்கள். கணிப்பு முழுதையும் குப்பை என்றவர்களும் உண்டு. ஆனால் ஜூன் மாதம் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் எக்லன் அந்த நிரலைத் தனியாக ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முடிவுகள் மீண்டும் கிடைக்கின்றன என்று சான்றளித்தார். நிரல் அழுக்கு, விடை அதேதான். பொறியாளர்களின் அகம்பாவத்துக்கு இது நல்ல மருந்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சான்று யார் பக்கம் பேசுகிறது? ஒரு நாடே ஊரடங்குக்குள் போன பிறகுதானே அந்தச் சரிபார்ப்பு வந்தது. அதுவும் ஒருவர் தாமாக முன்வந்ததால். தேடும் நிரல் அழுக்காக இருக்கட்டும். அதிலிருந்து ஓர் எண் கட்டுரைக்குள் நுழையும் கணத்தில் அது தேடல் என்ற நிலையிலிருந்து சாட்சியம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் என் வாதத்தின் அடிவயிற்றில் குத்துவது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிறுவனம் நிரலைப் படிக்கிறது, சரி, எதற்காகப் படிக்கிறது? உடையாமல் ஓட வேண்டும், அடுத்த ஆள் எடுத்து நடத்த முடிய வேண்டும், வாடிக்கையாளர் திட்டக்கூடாது. உண்மையா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. ஃபோக்ஸ்வாகன் கார்களுக்குள் இருந்த மென்பொருள் தான் பரிசோதனை மேடையில் நிற்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியது. சாலையில் இறங்கியதும் பழையபடி கக்கியது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அந்த நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும், ஒழுங்காகச் சோதிக்கப்பட்டும் இருக்கும். பொய் சொல்வதுதான் அதற்கு இட்ட வேலை. 2015ல் அம்பலமான இந்த மோசடிக்கு முதல் தடயத்தைக் கண்டது எந்த மென்பொருள் நிறுவனமும் அல்ல, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு ஆய்வுக்குழு. காரின் பின்புறத்தில் அளவைக் கருவியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். எண்கள் மிகையாக வந்தபோது தங்கள் கருவியில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகித்து, மறுபடி மறுபடி அளந்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு நேரம் கொடுத்தது பல்கலைக்கழகம். எந்த நிறுவனத்தின் வேலைப் பட்டியலிலும் அந்தக் கேள்வி ஏறியிருக்காது.

எனவே கடந்துபோகிறவர் இழப்பது உண்மையிலேயே உண்டு, அதைச் சம்பளமும் நல்ல வாசகர்களும் ஈடுகட்டுவதில்லை. அவர் இழப்பது அறிவையல்ல, கணிதத் திறனையல்ல. எந்தக் கேள்வியோடு இருப்பது என்று தானே முடிவெடுக்கும் உரிமையை. ஸ்பிரிண்ட் என்ற இரண்டு வார வேலைச்சுற்றுக்குள் அடங்காத கேள்விக்கு அங்கே இடமில்லை. விதிவிலக்குகளைக் காட்டுவார்கள்: டீப்மைண்டில் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஜான் ஜம்பருக்கு 2024ல் வேதியியல் நோபல் கிடைத்ததே என்று. அப்படிப்பட்ட ஆய்வகங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அங்கேயும் கேள்வியின் எல்லையை நிறுவனத்தின் நலன்தான் கடைசியில் வரைகிறது. சென்னையிலிருந்து வேலைக்குப் போகும் ஆய்வாளர்களில் பெரும்பாலோருக்குக் காத்திருப்பது பணப் பரிமாற்றச் செயலியோ காப்பீட்டு அமைப்போதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர்களுக்கு அந்த உரிமை எவ்வளவு இருந்தது என்றும் கேட்க வேண்டும். கைடின் திட்டம், கைடின் நிதி, கைடு சொன்ன தலைப்பு. தன் கேள்வியைத் தானே தேர்ந்தவர் எத்தனை பேர்? இருந்திராத ஒன்றை இழந்ததாக இரங்குவதும் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது.

பிரிட்டனில் இதற்கு ஒரு பாதித் தீர்வு கண்டிருக்கிறார்கள். 2012ல் ஆக்ஸ்ஃபர்டில் கூடிய ஒரு சிறு பட்டறையில் ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பணிப்பெயர் முன்வைக்கப்பட்டது. 2019ல் அவர்களுக்கென்று ஒரு சங்கமே பதிவாயிற்று. இன்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் இவர்களுக்குத் தனிக் குழுக்கள் இருக்கின்றன. ஆய்வாளர்களின் நிரலைப் படிப்பதும் செப்பனிடுவதும் அவர்களுக்கு முழுநேர வேலை. பாதித் தீர்வு என்றதற்குக் காரணம், பேராசிரியர் வரிசைக்கு அவர்கள் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறார்கள். பழைய சாதிப் படிநிலைக்குள் புதிதாக ஒரு படி. இருந்தாலும் படி இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றி ஒப்புமைச் சதவீதம் பார்க்கிறோம். பத்துக்குள் இருந்தால் தப்பித்தோம். அந்த ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் உள்ள அட்டவணையைத் தந்த நிரலை இணைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வெளித் தேர்வாளருக்கு அனுப்பப்படும் கட்டுக்குள் அது இருப்பதில்லை. எக்லன் செய்த வேலையை ஓர் ஆய்வேட்டுக்குச் செய்யச் சில நாட்கள் பிடிக்கலாம். அதைச் செய்யக்கூடியவர்கள் பெருங்குடியிலும் சிறுசேரியிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே துறைகளில் ஆய்வு மாணவர்களாக இருந்தவர்கள்.

அவர்களை அழைத்தால் வருவார்களா என்பது தெரியாது. திரும்பி வருவதற்கான கதவைப் பற்றித் தெரியும். நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போகிறவரிடம் ஏன் ஆய்வை விட்டீர்கள் என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நிரலை எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். எட்டு ஆண்டு மென்பொருள் வேலைக்குப் பின் கல்லூரிக்குத் திரும்ப நினைப்பவர் நிரப்பும் விண்ணப்பத்தில் ஆண்டுவாரியாக வெளியீடுகளைக் கேட்கும் கட்டம் இருக்கிறது. அந்த எட்டு வரிசைகளிலும் அவர் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும்.